வேப் காயிலைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது எப்படி? இங்கிலாந்தில் புதிதாக மாறியவர்களுக்கு

இங்கிலாந்தில் தீரும்வரை இழுத்துவிட்டுத் தூக்கிப்போடும் வேப்புகளை (மின் சிகரெட்டுகளை) விற்பது 2025 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதையே வாங்கிக்கொண்டிருந்த நம் ஆட்கள் பலர், லிக்விட் ஊற்றி சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் கருவிக்கு மாறியிருக்கிறார்கள். அதில் லிக்விடைச் சூடாக்கிப் புகையாக்கும் சின்னப் பாகம்தான் காயில். மாறிய இரண்டாவது வாரமே வரும் கேள்வி: "காயில் கருகிப்போச்சே, கழுவினா சரியாகுமா?"

சிகரெட்டை விட்டுவிட்டு லண்டனில் இந்தக் கருவிக்கு மாறியபோது எனக்கும் இதே பிரச்சினைதான். முதல் இரண்டு மாதங்களில் ஒன்பது காயில்களை வீணாக்கினேன். ஆறு காயில் நான் கழுவிய விதத்தாலேயே போனது. தவறான ஸ்பிரிட்டில் ஊறவைத்தேன், சரியாகக் காயாமல் மாட்டினேன், எறிய வேண்டியதைக் கழுவினேன். நீங்கள் அந்தப் பணத்தை இழக்க வேண்டாம், அந்தப் புகையை இழுக்கவும் வேண்டாம். அதனால் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சிகரெட்டை விடுவதற்காக ஏற்கெனவே வேப்பில் இருக்கும், 18 வயது தாண்டியவர்களுக்கு மட்டும். புகைக்கும் பழக்கமே இல்லாதவர் இதைத் தொடவே வேண்டாம். நிகோட்டின் பிடித்துக்கொண்டால் விடுவது அவ்வளவு கஷ்டம்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

கடையில் எல்லாவற்றையும் 'காயில்' என்றே சொல்வார்கள். ஆனால் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வேறு வேறு முறை.

முதல் வகை, காயில் 'பாட்' என்ற லிக்விட் நிரப்பும் சின்ன டப்பாவோடு சேர்ந்தே வருவது. பிளாஸ்டிக் பாடுக்குள் காயில் ஒட்டியிருக்கும், கழற்ற வராது. இதைக் கழுவ முயற்சி செய்யாதீர்கள். உள்ளே போன தண்ணீர் மூலைகளில் தங்கிவிடும், காய்ந்ததா இல்லையா என்று பார்க்கவும் வழியில்லை. லிக்விட் சுவை கெட்டதும் பாடையே மாற்றுங்கள்.

இரண்டாம் வகை, கழற்றி மாட்டும் காயில். சின்ன உலோகக் குழல், பக்கவாட்டில் துளைகள், உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே சுருள் கம்பியோ சல்லடை போன்ற மெஷ் தகடோ இருக்கும். பெரும்பாலானவர்களிடம் இருப்பது இதுதான். இதைக் கழுவலாம். ஆனால் பஞ்சு உள்ளேயே இருப்பதால் புதுசு போல ஆகாது. ஒரு காயிலுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாம் வகை, நாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் டிரிப்பர் (லிக்விடைச் சொட்டுச் சொட்டாக விடுவது) அல்லது ரீபில்டபிள் டேங்க் (லிக்விடை நிரப்பி வைப்பது). மறுபயன்பாடு என்ற சொல் உண்மையில் பொருந்துவது இதற்குத்தான். கம்பியைச் சுத்தம் செய்து பஞ்சை மட்டும் மாற்றினால் ஒரே கம்பி பல வாரம் ஓடும்.

காயில் வந்த பெட்டியையும் உள்ளே இருக்கும் துண்டுத் தாளையும் எறியாதீர்கள். ஓம் அளவும் (மின்தடை) வாட் வரம்பும் (எவ்வளவு மின்திறன் தாங்கும் என்பது) பெரும்பாலும் காயில் உடம்பிலேயே பொறித்திருக்கும். கம்பி எந்த உலோகம் என்பது பல நேரம் தாளில்தான் இருக்கும், அது ஏழாம் படியில் தேவைப்படும். பில்லையும் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். புதுக் காயில் வேலை செய்யாவிட்டால் பில் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். லிக்விட் வாங்கும்போது, அது எம்.எச்.ஆர்.ஏ. என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான பொருளா என்று அவர்களுடைய இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நிகோட்டின் உள்ள லிக்விட் இங்கே 10 மில்லிக்கு மேற்பட்ட புட்டியிலோ, மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவிலோ விற்கக் கூடாது. அதைத் தாண்டி எழுதியிருந்தால் அந்தக் கடையில் எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

2. கழுவுவதா, எறிவதா?

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனேன், அதனால்தான் ஒரு வாரம் தொண்டை எரிச்சலோடு திரிந்தேன்.

காயில் கெடுவது இரண்டு விதம். ஒன்று, பிசுக்கு பிடிப்பது. லிக்விடில் இருக்கும் இனிப்பு, முக்கியமாக சுக்ரலோஸ், சூடான கம்பியில் வெல்லப்பாகு முற்றுவது மாதிரி முற்றிக் கறுப்பாகப் படியும். சுவை மங்கும், புகை குறையும், லேசாகப் பாகு கருகிய வாசனை வரும். இந்த நிலையில் கழுவினால் பலன் உண்டு.

இன்னொன்று, பஞ்சே எரிந்துபோவது. லிக்விட் தீர்ந்த பிறகும் இழுத்தாலோ, புதுக் காயிலை ஊறவிடாமல் இழுத்தாலோ, வாட்டைக் கூட்டி வைத்தாலோ இப்படி ஆகும். காகிதம் எரிந்த நெடி, தொண்டையில் சுருக்கென்று ஒரு குத்தல். பஞ்சு கருகிவிட்டால் எந்த ஸ்பிரிட்டும் அதை மீட்காது. காய்ந்த நிலையில் அதிகச் சூடு ஏறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகின்றன. அதை இழுத்துக்கொண்டே இருப்பதற்கா சிகரெட்டை விட்டோம்? எறிந்துவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காயிலைக் கழற்றி, டிஷ்யூவில் துடைத்து, போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். பக்கத் துளைகளில் தெரியும் பஞ்சு பழுப்பாக இருந்தால் கழுவலாம். கரியாகவோ பொடியாகவோ இருந்தால் வேண்டாம்.

இவை இருந்தாலும் எறியுங்கள்:
- உலோகத்தில் பச்சை படிந்திருக்கிறது, துரு தெரிகிறது.
- அடியில் உள்ள ரப்பர் வளையமோ நடு ஊசியோ ஆடுகிறது.
- பெட்டியில் 0.8 ஓம் என்று இருக்க, கருவி 1.1 காட்டுகிறது, அல்லது எண் நிலையில்லாமல் ஏறி இறங்குகிறது.

காயிலில் உள்ள உலோகம் புகையோடு வெளியே வருவதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் அதில் இருந்தன. அதனால் அரித்துப்போன காயிலைக் கழுவி மிச்சம் பிடிப்பது வேண்டவே வேண்டாம்.

3. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

ஐந்து காயில் உள்ள பெட்டி கடைக்குக் கடை 9 முதல் 13 பவுண்டு. ஒன்று ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரைப் பவுண்டு என்று வையுங்கள். ஒரு முறை கழுவினால் நல்ல காயில் நாலைந்து நாள் கூடுதலாக ஓடலாம். கணக்கு அவ்வளவுதான், பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். கடை தூரமாக இருக்கும்போது, மாதக் கடைசியில் கை கடிக்கும்போது உதவும்.

தேவைப்படுவது ஒரு கண்ணாடிக் கிண்ணம், டிஷ்யூ, கையுறை, சுடுதண்ணீர், நிறமும் மணமும் இல்லாத சாதாரண வோட்கா. வோட்காவுக்கென்று பெரிய பாட்டில் வாங்க வேண்டாம், 50 மில்லி குட்டி பாட்டில் போதும்.

வோட்கா எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் கைக்குக் கிடைக்கும் மற்ற ஸ்பிரிட்டுகளில் வில்லங்கம் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் விற்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் யாரும் குடிக்காதபடி வேதிப்பொருள்கள் கலந்திருப்பார்கள், அது விஷம். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் அதில் விளக்கெண்ணெய், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் கலந்திருக்கும். ஸ்பிரிட் பறந்துபோகும், எண்ணெய் பஞ்சிலேயே தங்கும். எண்ணெயைச் சூடாக்கி நுரையீரலுக்குள் இழுக்கவே கூடாது. நான் முதலில் செய்த தவறு இதுதான். தைல வாசனை வந்ததும் பயந்து மூன்று காயிலை அப்படியே எறிந்தேன்.

வினிகரும் வேண்டாம். பிசுக்கை எடுக்கும், ஆனால் பஞ்சில் ஏறிய புளிப்பு வாடை போகாது. பாத்திரம் கழுவும் சோப்பு கூடவே கூடாது.

4. கழுவும் முறை (இரண்டாம் வகை காயிலுக்கு)

முதலில் கையுறை போடுங்கள். நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை அவர்கள் தூங்கிய பிறகு செய்யுங்கள். கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், தவறி யாராவது குடித்தால் ஆபத்து.

காயிலை டேங்கிலிருந்து கழற்றுங்கள். டிஷ்யூவை மடித்து அடியில் பிடித்துக்கொண்டு, மேல் துளை வழியாக மெதுவாக ஊதினால் பழைய லிக்விட் வெளியே வரும். உதடு படாமல் ஒரு காகிதத்தைச் சுருட்டி அதன் வழியே ஊதுங்கள்.

அடுத்து, கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். நிறம் மங்கும்வரை மூன்று நான்கு முறை இப்படிச் செய்யுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், ரப்பர் வளையம் இளகிப் பிறகு டேங்க் ஒழுகும்.

பிறகு காயில் முங்கும் அளவு வோட்காவில் இரண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறவைத்தும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. அடுப்பு, மெழுகுவர்த்தி பக்கத்தில் வைக்காதீர்கள். எடுத்து மறுபடி சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

லண்டன்வாசிகளுக்கு ஒரு விஷயம். இங்கே குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் மாதிரிதான், கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு கம்பியிலும் படியும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் டீஅயனைஸ்டு தண்ணீர் (உப்புகளை நீக்கிய தண்ணீர்) நல்லது. சூப்பர்மார்க்கெட்டில் அயர்ன் பாக்ஸுக்கு விற்கும் தண்ணீரை எடுக்கும்போது லேபிளைப் படியுங்கள். பலவற்றில் வாசனை சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம்.

5. காயவைப்பது (அவசரப்படாதீர்கள்)

எல்லாரும் சறுக்கும் இடம் இது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பஞ்சு ஈரமாகவே இருக்கும். ஈரப் பஞ்சில் லிக்விட் ஏறாது. இழுத்தால் சடசடவென்று தெறிக்கும், சூடான துளி நாக்கில் படும். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் ஆவியாகி, லிக்விட் இல்லாத வெறும் பஞ்சு எரியும். கழுவிய காயில் "உடனே கருகிவிட்டது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள்.

டிஷ்யூவில் நன்றாக உதறிவிட்டு, துளை மேலும் கீழும் திறந்திருக்கும்படி நிற்கவைத்து, காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். குளிர்காலத்தில் 72. ஹீட்டரின் மேலேயே வைக்க வேண்டாம், பக்கத்து அலமாரியில் வைத்தால் போதும். ஓவன், மைக்ரோவேவ் இரண்டும் கூடாது. ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை வைத்து ஐந்து நிமிடம் ஊதலாம், ஆனால் அதற்காக நாளைக் குறைக்காதீர்கள்.

காயிலைக் கருவியில் மாட்டி பட்டனை அழுத்திக் காயவைப்பதாக ஒரு யோசனையும் சுற்றுகிறது. பஞ்சு உள்ள காயிலில் அதைச் செய்யாதீர்கள், பஞ்சு தீப்பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கழுவினால் திங்கள் சாயங்காலம் மாட்டலாம். அதுவரை ஓட்ட இன்னொரு காயில் கையில் இல்லையென்றால் கழுவவே ஆரம்பிக்காதீர்கள். காயில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிகரெட் பக்கம் கை போகும்.

6. மறுபடி மாட்டும்போது

முகர்ந்து பாருங்கள். ஸ்பிரிட் வாசனை லேசாக இருந்தாலும் இன்னொரு நாள் காயட்டும். வாசனை இல்லையென்றால் பக்கத் துளைகளிலும் மேலேயும் ஓரிரு துளி லிக்விட் விட்டு, மாட்டி, டேங்கை நிரப்பி, 15 நிமிடம் வைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தாமல் நான்கைந்து முறை சும்மா இழுங்கள். அப்புறம் காயிலில் எழுதியிருக்கும் வாட் வரம்பின் மிகக் குறைந்த எண்ணில் ஆரம்பியுங்கள். கழுவிய காயிலை உச்ச வாட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

முதல் நான்கு இழுப்பில் கருகல் நெடி வந்தால் அது முடிந்த கதை. பழகிவிடும் என்று தொடராதீர்கள்.

7. கம்பி சுற்றும் வகை: பஞ்சை மாற்றிக் கம்பியைக் காப்பது

இதற்கு வந்த பிறகுதான் என் செலவு உண்மையில் குறைந்தது. 10 மீட்டர் கம்பிச் சுருள் மூன்று முதல் ஐந்து பவுண்டு. ஒரு காயிலுக்குப் பத்து சென்டிமீட்டர் போதும், ஆக ஒரு சுருளில் ஏறத்தாழ நூறு காயில். ஒரு பை பஞ்சு நாலைந்து பவுண்டு, பல மாதம் வரும். ஆனால் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் பொறுமை வேண்டும். ஓம் அளந்து காட்டும், குறுக்குத் தொடர்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் தானே அணையும் கருவி கட்டாயம் வேண்டும். பாதுகாப்புச் சுற்று இல்லாத மெக்கானிக்கல் கருவியில் புதியவர்கள் இதைச் செய்யவே கூடாது.

உலோகத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. கேந்தால், நிக்ரோம், 316 எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவற்றைப் பழுக்கவைத்துச் சுத்தம் செய்யலாம். டைட்டானியத்தையும் சுத்த நிக்கலையும் பழுக்கவைக்கவே கூடாது. டைட்டானியம் வெள்ளையாகப் பூத்தால் அது டைட்டானியம் டைஆக்சைடு, அதை உள்ளே இழுக்கக் கூடாது. என்ன கம்பி என்று தெரியாவிட்டால் பழுக்கவைக்காமல் புதுக் கம்பி சுற்றுங்கள், ஐந்து பென்ஸ்கூட ஆகாது.

சரி, முறை இதுதான். டேங்கையும் கண்ணாடியையும் கழற்றுங்கள். பழைய பஞ்சை இடுக்கியால் முழுசாக இழுத்தெடுங்கள், ஒரு நூல்கூட மிஞ்சக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, 15 வாட்டில் இரண்டிரண்டு விநாடியாக அழுத்துங்கள். முதலில் பிசுக்கு புகையும், பிறகு கம்பி மங்கலான செம்மை காட்டும். அந்த நிறம் போதும். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தகதகக்கும்வரை அழுத்தாதீர்கள். காயிலைப் பழுக்கவைப்பது உலோகத்தின் அமைப்பைப் பாதிக்கலாம் என்று கிரேக்க மருத்துவ ஆய்வாளர் கான்ஸ்டன்டினோஸ் ஃபர்சலினோஸ் 2015-லேயே எச்சரித்திருக்கிறார். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. அதனால் இரண்டு முறை பஞ்சு மாற்றும்போது பிரஷ் மட்டும் போட்டுவிட்டு, மூன்றாவது முறைதான் சூடாக்குகிறேன்.

நன்றாக ஆறவிட்டு, கம்பி மாட்டியிருக்கும் தளத்தைக் கருவியிலிருந்து கழற்றி, பழைய டூத்பிரஷால் குழாய்த் தண்ணீரில் தேயுங்கள். சாம்பல் போகும். துடைத்துக் காயவிடுங்கள், இதில் பஞ்சு இல்லாததால் ஒரு மணி நேரம் போதும். மாட்டி ஓம் பாருங்கள். 0.4 மில்லிமீட்டர் கேந்தால் கம்பியை 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றியிருந்தால் 0.8 ஓம் பக்கம் வரும். முன்பு இருந்த அளவிலிருந்து நிறைய விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு இடம் மட்டும் முந்திக்கொண்டு பழுத்தால், கம்பி ஆறியபின் செராமிக் இடுக்கியால் சுற்றுகளை மெல்ல வருடி ஒழுங்குபடுத்துங்கள். நடுவிலிருந்து இருபுறமும் ஒரே சீராகப் பழுக்க வேண்டும்.

பஞ்சு வைப்பது கைப்பழக்கம். இழுக்கும்போது கம்பி அசையாமல், ஆனால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் லிக்விட் ஏறாமல் கருகும், தளர்ந்தால் ஒழுகும். மருந்துக் கடைப் பஞ்சு வெளுக்கப்பட்டிருக்கும். வேப்புக்கென்றே விற்கும் வெளுக்காத பஞ்சை வாங்குங்கள்.

8. அடிக்கடி கழுவ வேண்டியிராமல் இருக்க

இனிப்பு கேக், கஸ்டர்ட், கோலா வகை லிக்விட் ஒரு காயிலை ஒரே வாரத்தில் முடித்துவிடும். புதினா, புகையிலை வகையில் அதே காயில் எனக்கு இரண்டரை வாரம் வருகிறது. ஓம் அதிகமுள்ள சின்னக் காயிலுக்குப் வி.ஜி. (கெட்டியான காய்கறிக் கிளிசரின்), பி.ஜி. (நீர்த்த புரொப்பலீன் கிளைக்கால்) இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த லிக்விடை ஊற்றுங்கள். 70 சதவீதம் வி.ஜி. உள்ள கெட்டி லிக்விட் அதில் வேகமாக ஏறாது. லிக்விட் கால் பங்குக்குக் கீழே போகவிடாதீர்கள், அடுத்தடுத்து இழுக்காமல் அரை நிமிடம் இடைவெளி கொடுங்கள்.

2026 அக்டோபர் 1 முதல் லிக்விடுக்கு 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்று அரசு அறிவித்திருக்கிறது. காயில் கசிந்து லிக்விட் வீணாவது அப்போது இன்னும் கடிக்கும். அதனால் ரப்பர் வளையங்களையும் இப்போதே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

9. எறியும்போது

பழைய காயில், பாட், பேட்டரி எதையும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கே விதி, கவுண்டரில் கேளுங்கள். நான் ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, புதுக் காயில் வாங்கப் போகும்போது கொடுத்துவிடுகிறேன். தனியாகக் கழற்றும் பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் அன்றே நிறுத்துங்கள். சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

10. ஊருக்குப் போகும்போது

காயில் மிச்சம் பிடித்து, ஊரில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாம் குற்றம். முதல் முறையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உதிரிப் பாகம்தானே என்று வாதாடும் இடம் விமான நிலையம் இல்லை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வைத்திருப்பதே குற்றம், அந்த வழியாகப் போகிறவர்களும் கவனியுங்கள். பயணத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடமோ உள்ளூர் புகை நிறுத்தச் சேவையிலோ நிகோட்டின் பேட்ச் கேட்டு வாங்கி, இங்கே இருக்கும்போதே ஒட்டிப் பழகிக்கொள்ளுங்கள். கருவியை வீட்டிலேயே வையுங்கள். டேங்கைக் காலி செய்து, கழுவி, பேட்டரியைக் கழற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.